எஸ்பிஎஃப் 50 பூசியும் முகம் ஏன் கறுக்கிறது?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் மதுரைக்கு வேலைக்குப் போகிறேன். எஸ்பிஎஃப் 50 போட்ட 50 கிராம் சன்ஸ்கிரீன் ஒன்றை 550 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று மாதமாகப் பூசியும் முகமும் கழுத்தும் கறுத்துவிட்டன. எஸ்பிஎஃப் 100 வாங்குங்கள், 1,200 ரூபாய் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: வேண்டாம். எஸ்பிஎஃப் என்பது சன்ஸ்கிரீனின் வெயில் தடுப்பு அளவு. எஸ்பிஎஃப் 30, வெயிலில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98, 100 என்றால் 99. அந்த ஒரு சதவீதத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுக்க வேண்டாம்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு விடை இருக்கிறது. 50 கிராம் ட்யூப் மூன்று மாதம் வந்திருக்கிறது. சோதனைக்கூடத்தில் எஸ்பிஎஃப் அளக்கும்போது தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுவார்கள். அந்தக் கணக்கில் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்கு மேல் தேவை. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். காலையும் மதியமும் பூசினால் மூன்று வாரத்தில் ட்யூப் தீர்ந்துவிட வேண்டும். நீங்கள் பூசியது மிகக் குறைவு. அதற்கு 50-க்குரிய பாதுகாப்பு கிடைக்காது.

அடுத்தது, எஸ்பிஎஃப் முக்கியமாக யுவிபியைப் பற்றிய எண். தோல் கறுப்பதிலும் மங்கு படர்வதிலும் யுவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிருக்குப் பெரிய பங்கு உண்டு. அது கார் கண்ணாடியைத் தாண்டியும் வரும். அதனால் யுவிஏ தடுப்பைக் காட்டும் பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று பாருங்கள். நான்கு இருந்தால் நல்லது.

அப்புறம் ட்யூபின் பின்பக்கம். முன்னால் 50 என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதைக் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் அச்சடிக்கிறார்கள். எனக்கு இது கோபம் வருகிற விஷயம். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். யுவிஏவைத் தடுக்க அவோபென்சோன் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பது வழக்கம். வாங்கிய ஒளியை வெப்பமாக விட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புவதுதான் அதன் வேலை. ஆனால் வெயிலிலேயே அதன் மூலக்கூறுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். கூடவே யுவிபியைத் தடுக்கும் ஆக்டினாக்சேட் இருந்தால் ஒளி பட்டு இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, இரண்டுமே குறையும். ஆக்டோக்ரைலீன் அல்லது டினோசார்ப் எஸ் சேர்ந்திருந்தால் அவோபென்சோன் நிலைத்து நிற்கும். ஜிங்க் ஆக்சைடு இப்படிச் சிதையாது, யுவிஏ, யுவிபி இரண்டையும் தடுக்கும்; முகத்தில் வெள்ளை படிவதுதான் தொல்லை.

மதியம் மறுபடி பூசச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக வேதியியலாளர் கெர்ரி ஹான்சன் 2006-ல் சக ஆய்வாளர்களுடன் ஓர் ஆய்வை வெளியிட்டார். மேலே பூசிய சன்ஸ்கிரீனில் கதிரைத் தடுக்கும் சில பொருட்கள் தோலுக்குள் இறங்குகின்றன; மேற்பரப்பில் காவல் குறைந்ததும் உள்ளே இறங்கியவை ஒளி பட்டு, செல்லைக் கெடுக்கும் ஆக்சிஜன் வினைப்பொருட்களை உண்டாக்குகின்றன என்று தோல் மாதிரிகளில் கண்டார்கள். சன்ஸ்கிரீனே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, திரும்பத் திரும்பப் பூசச் சொன்னார்கள்.

ஆக, 30 அல்லது 50, பிஏ நான்கு கூட்டல், நிலையான கலவை. விலை குறைந்ததாகவே வாங்கித் தாராளமாகப் பூசுங்கள். ‘வெளுப்பாக்கும்’ என்ற வாசகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். கறுப்பு நிறம் ஒரு குறையே இல்லை. சித்திரைத் திருவிழா நெருங்கும் ஏப்ரல் நடுவில் மதுரையில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது துப்பட்டாவும் முழுக்கை உறையும் கட்டாயம். ட்யூபை ஸ்கூட்டி டிக்கியில் வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் தடவினால் போதாதா?
– வாசகர், அலங்காநல்லூர்

பதில்: போதாது. தோல் வறளாமல் இருக்கத் தடவுங்கள். வெயிலுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அதைவிட எவ்வளவோ மேல், செலவும் ஒரு தடவைதான்.