மாமியாரின் 27 விளக்குகள்

கேள்வி: அக்கா, நாங்கள் சிங்கப்பூர் ஈசூனில் 12ஆம் மாடியில், 30 வருடப் பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் மாமியார், கார்த்திகைக்கு 27 அகலையும் காரிடாரில் வரிசையாக வைத்தே ஆகவேண்டும் என்கிறார். கணவரோ பேட்டரி விளக்கு வாங்கி வந்துவிட்டார். நடுவில் நான். யார் பக்கம் பேசுவது?

பதில்: நான் மாமியார் கட்சி. நட்சத்திரத்துக்கு ஒன்றாக 27 ஏற்றுகிறவரிடம் பேட்டரியை நீட்டினால் கோபம் வராதா? ஆனால் 27ஐயும் காரிடாரில் வைக்க வேண்டாம்.

12ஆம் மாடிக் காற்று, தஞ்சாவூர்த் திண்ணைக் காற்று இல்லை. கார்த்திகை சமயத்தில் வடகிழக்குப் பருவக்காற்று வேறு. சுடர் படுத்து, பக்கத்துச் செருப்பு அலமாரியைத் தொட்டுவிடும். காரிடாரில் 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்கவேண்டும் என்பது விதி. ஓடிவரும் பிள்ளையின் கண்ணுக்குத் தரையில் இருக்கும் அகல் தெரியாது. பாவாடை நுனிதான் முதலில் தொடும்.

வாசலில் 2 போதும், யாராவது பக்கத்தில் இருக்கும்வரை. மீதி 25ஐ வீட்டுக்குள், திரைச்சீலைக்கு எட்டாத இடத்தில், பெரிய தாம்பாளத்தில் மணல் பரப்பி அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். புது அகலை முதல்நாளே தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திவிட்டால் எண்ணெய் கசியாது. எண்ணெயைக் கொஞ்சமாக ஊற்றுங்கள். எல்லாரும் விழித்திருக்கும்போதே விளக்கு மலையேறிவிடும். மலையேறும்வரை யாரும் படுக்கப் போகாதீர்கள்.

எனக்குப் பயம் விளக்கைப் பற்றி இல்லை. அன்றைக்கு நெய்யப்பம் யார் சுடப்போகிறீர்கள்?

ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். வாசலில் பக்கத்து வீட்டு அம்மா. பலகாரத் தட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று போனவள், நின்று பேசிவிட்டேன். திரும்பினால் வாணலி எரிகிறது! மகன் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறான். நான் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றான், நல்லவேளை. கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் அடிக்குப் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரைவரை வாரி இறைக்கும். அடுப்பை அணைத்தேன், குக்கர் மூடியைப் பக்கவாட்டில் தள்ளி வாணலியை மூடினேன். நன்றாக ஆறும்வரை திறக்கவில்லை. இந்த ஊரில் வீடுகளில் தீப்பிடிப்பதற்கு முக்கியக் காரணமே இப்படி அடுப்பை விட்டுவிட்டுப் போவதுதான். மூடியால் அடங்காத தீ என்றால் வீரம் வேண்டாம்: எல்லாரும் வெளியே, கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புக்கு 995.

எண்ணெய் தெறித்துச் சுட்டால் மாமியார் மஞ்சளோ பற்பசையோ எடுத்து வருவார். அன்பாக மறுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் கூடாது.

பேட்டரி விளக்குகளும் வீணாக வேண்டாம், காரிடாரில் வீட்டுச் சுவரோரமாக அவற்றை வையுங்கள். கைப்பிடிச் சுவர்மேல் மட்டும் கூடவே கூடாது; 12 மாடிக்குக் கீழே ஆள் நடக்கிறார்கள்.

2018 ஜூன் முதல் புது வீடுகளுக்குத் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். உங்கள் பழைய வீட்டில் இருக்காது என்று நினைக்கிறேன். பேட்டரி வாங்கத் தெரிந்த மனிதர் அதையும் ஒன்று வாங்கி மாட்டட்டும். சாம்பிராணி போடும்போது அது கத்தினால் டேப் ஒட்டி மூடாமல் ஜன்னலைத் திறங்கள்.