பதில்: லங்காஸ்டர் கல் வீட்டில் ஈரம்

இங்கிலாந்தின் லங்காஸ்டரில் உள்ள உங்கள் ஜார்ஜியன் காலத்து (சுமார் 1714–1830) வீட்டின் முன்சுவர் ஈரமாகிறது, கொத்தனார் கல் இடுக்குகளைச் சிமெண்டால் அடைக்கச் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த ஊர் வீடுகள் பெரும்பாலும் மணற்கல். உள்ளே போன ஈரம் பெரும்பாலும் கல் இடுக்கிலுள்ள சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைத்தால் ஈரம் கல்லிலேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து, கல்லின் முகமே செதில் செதிலாக உதிரும். சாந்து கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும். தேய்வது அதுவாக இருக்கட்டும்.

முதலில் மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா, வெளித்தரை உயர்ந்துவிட்டதா என்று பாருங்கள். அப்புறம் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைப் பிடியுங்கள். வீடு கிரேடு 2 பட்டியலில், அதாவது சட்டப்படி பாதுகாக்கப்படும் பழைய கட்டடங்களின் பட்டியலில் இருந்தால், கை வைக்கும் முன் உள்ளூர் கவுன்சிலிடம் கேட்டுவிடுங்கள்.

முகப்பில் அடைத்திருக்கும் ஜன்னல், ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து விதித்த அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மைதான். ஆனால் சில ஜன்னல்கள் முகப்பின் சமச்சீருக்காகக் கட்டும்போதே அடைத்து வைத்தவை.