வழியும் வலியும்

நண்பரே, மேலாளரின் பிரிவு விழாவில் மைக்கைப் பிடித்து “உங்களை வலியனுப்ப வந்திருக்கிறோம்” என்று சொல்லி, அரங்கமே சிரித்ததாக எழுதியிருந்தீர்கள். கவலையை விடுங்கள், நானும் அந்தக் கட்சிதான். ஒருமுறை தொலைபேசியில், “பையனுக்கு நல்ல பல்லி கிடைத்துவிட்டது” என்றேன். எதிர்முனையில் கொஞ்சம் மௌனம். அப்புறம், “அடிச்சுட்டீங்களா?” என்றார்.

சிக்கல் காதில் இல்லை, நாக்கில்தான். ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொட வேண்டும். ள என்றால் நுனியை மடித்து அண்ணத்தில் ஒட்டி எடுக்க வேண்டும். ழ சொல்லும்போது மடித்த நாக்கு எங்கும் ஒட்டக் கூடாது, லேசாக உரசினால் போதும். தொல்காப்பியமும் ‘அண்ணம் வருட’ என்றுதான் சொல்கிறது. நீங்கள் வருடாமல் நேரே பல்லுக்குப் போய்விடுகிறீர்கள், அவ்வளவுதான்.

வலி, வளி, வழி. இந்த மூன்றையும் மெதுவாகச் சொல்லி, கைபேசியில் பதிந்து கேளுங்கள். வேகம் வேண்டாம். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழும் அந்தக் கிழவனை இப்போதைக்குத் தொடாதீர்கள், உங்களையும் சேர்த்து இழுத்துவிடுவான். அடுத்த மேடைக்குள் ழ வசப்படவில்லையென்றால், “விடைகொடுக்க வந்திருக்கிறோம்” என்று சொல்லித் தப்பித்துவிடுங்கள்.