ஜெபத்தைத் தொலைபேசி அழைப்பாகப் பாடும் ‘ராயல் டெலிபோன்’ என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாடல் சிறுபிள்ளைத்தனமான பாட்டா?

முதன்முறை கேட்டபோது நானும் சிரித்தவன்தான். பரலோகத்துக்கு ஒரு டெலிபோன் லைன், அதில் கரண்ட் ஓடுவதை உணர்கிறேன் என்று பல்லவி வந்தால் யாருக்கும் சிரிப்பு வரும். பின்னர் சரணங்களை நிதானமாகப் படித்தபோது, தொலைபேசியின் பழுதுகளை நன்கறிந்த ஒருவர் எழுதிய பாட்டு இது என்பது புரிந்தது.

எழுதியவர் ஃபிரெடரிக் லேமன். ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவில் குடியேறி, போதகராக ஊழியம் செய்தவர். பாடல் 1909ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்று அப்போது 33 ஆண்டுகளே ஆகியிருந்தன. அக்காலத்தில் பெரும்பாலான அமெரிக்க ஊர்களில், தொலைபேசியை எடுத்தால் இணைப்பகத்தில் அமர்ந்திருக்கும் பெண் எண்ணைக் கேட்டு, கையால் இணைப்புக் கொடுப்பார். அந்த இடத்தையும் அந்தப் பெண்ணையும் சேர்த்தே ‘சென்ட்ரல்’ என்றார்கள். பரலோகத்தின் சென்ட்ரல் ஒருபோதும் ‘பிஸி’யாக இருப்பதில்லை, கட்டணமில்லை, காத்திருப்பும் இல்லை என்கிறது பாடல். வெளியூருக்கு ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுத் தபால் நிலையத் திண்ணையில் அரைநாள் உட்கார்ந்திருந்த எனக்கு, இந்த மூன்று வாக்குறுதிகளின் அருமை விளக்காமலே விளங்கும்.

பதில் வரவில்லையா, சாத்தான் உன் கம்பியோடு வேறொரு கம்பியைப் பின்னிவிட்டான் என்கிறது ஒரு சரணம். இன்னொன்று, லைன் ‘எர்த்’ ஆகிவிட்டால் ஜெபமும் விசுவாசமும் வாக்குத்தத்தமும் அதைச் செப்பனிடும் என்கிறது. ஈரக் கிளை உரசியோ கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்தோ கம்பி மண்ணைத் தொட்டுவிட்டால், போய்ச் சேர வேண்டிய மின்னோட்டம் வழியிலேயே பூமிக்குள் இறங்கிவிடும். குரல் மறுமுனையை எட்டாது. மண்ணாசையில் வடிந்துபோகும் ஜெபத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமையை நான் கண்டதில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது, ‘மாம்சத்துக்குரிய காம்பினேஷன்கள்’ இந்த லைனைக் கைப்பற்ற முடியாது என்னும் வரி. இன்று படிப்பவருக்கு அது வெற்றுச் சொல்லடுக்கு. ஆனால் அன்றைய அமெரிக்காவில் ‘காம்பினேஷன்’ என்றால் போட்டியாளர்களை விழுங்கும் பெருநிறுவனக் கூட்டு. 1890ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டத்திலேயே அந்தச் சொல் உண்டு. பெல்லின் அடிப்படைக் காப்புரிமைகள் 1893, 1894இல் காலாவதியானதும் ஊருக்கு ஊர் சிறு தொலைபேசி நிறுவனங்கள் முளைத்தன; 1907க்குப் பிறகு பெல் குழுமத்தின் தலைமை நிறுவனமான ஏடி அண்ட் டி அவற்றில் பலவற்றை வாங்கத் தொடங்கியது. அந்தச் சூழலில்தான் இந்த வரி எழுதப்பட்டது. எவராலும் விலைக்கு வாங்க முடியாத ஒரே லைன் கடவுளுடையது என்பதாகவே நான் அதை வாசிக்கிறேன்.

இதே பாட்டை 1963இல் ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பாடகர் ஜிம்மி லிட்டில் பாடிப் பெரும் வெற்றி கண்டார்.

ஒரே ஒரு நெருடல் உண்டு. கிறிஸ்துவைத் தவிர வேறு மத்தியஸ்தர் இல்லை என்று போதிக்கும் சபையின் பாட்டில், இடையில் அமர்ந்து இணைப்புத் தரும் ‘சென்ட்ரல்’ யார்? ஆள் வேண்டாத தானியங்கி இணைப்பகம் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் 1892இலேயே வந்துவிட்டது. இறையியலுக்கு அதுவே இசைவான உவமை. இருந்தும் லேமன் அதைத் தொடவில்லை. நள்ளிரவில் கருவியை எடுப்பவருக்கு மறுமுனையில் முதலில் ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம்.