பருத்தி மாரை, அதாவது காய்ந்த செடியை, எங்கே போட்டு வைத்திருக்கிறீர்கள்?

கேள்வி: ஐயா, வேப்பந்தட்டை பக்கம் 2 ஏக்கர் மானாவாரி பருத்தி, 90 நாள் பயிர். பி.டி. விதைதான். வெளியே நன்றாக இருக்கிற காயைப் பிளந்தால் உள்ளே சிவப்புப் புழு. கடையில் மூன்று மருந்தைக் கலந்து கொடுத்தார்கள், இரண்டு தடவை அடித்தேன். புழு குறையவில்லை, இப்போது வெள்ளை ஈ வேறு. எதை அடித்தால் சாகும்?

பதில்: காய்க்குள் போய்விட்ட புழுவை எதுவும் சாகடிக்காது. முட்டையிலிருந்து வந்ததும் அது காயைத் துளைத்து உள்ளே போய்விடும், துளையும் மூடிக்கொள்ளும், அப்புறம் நீங்கள் அடிப்பதெல்லாம் காயின் தோலுக்குத்தான். பி.டி. விதை, அதாவது புழுவைக் கொல்லும் மரபணு சேர்த்த விதை, பச்சைக் காய்ப்புழுவை இன்னும் தடுக்கிறது. ஆனால் 2006-இல் வந்த, அப்படி இரண்டு மரபணு சேர்த்த விதையையும் உங்கள் காயில் இருக்கிற இளஞ்சிவப்புப் புழு தாண்டிவிட்டது.

கடைக்காரர் கொடுத்த கலவை பற்றி. மூன்று டப்பா விற்றால் அவருக்கு மூன்று லாபம், அவ்வளவுதான் அதில் இருக்கிற விஞ்ஞானம். அதில் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து இருந்திருந்தால் வெள்ளை ஈயைத் தின்கிற பொறிவண்டு செத்திருக்கும், வெள்ளை ஈ பெருகியிருக்கும். 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், அங்கேயும் கண்ட மருந்தைக் கலந்து அடிப்பது சாதாரணம். இனி ஒரு டேங்குக்கு ஒரே மருந்து. வெள்ளை ஈக்கு இப்போதைக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி.

ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள், பெண் பூச்சியின் வாசனை காட்டி ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கிற பொறி அது. தொடர்ந்து மூன்று இரவு, பொறிக்கு 8 அந்துப்பூச்சி விழுந்தாலோ, அங்கங்கே பறித்த 20 பச்சைக் காயில் இரண்டில் புழு இருந்தாலோ மட்டும், புதிதாகப் பொரிக்கிற புழுவுக்காக புரோபெனோபாஸ் மருந்து அடியுங்கள், லேபிளில் இருக்கிற அளவில். ரோஜா மொட்டு மாதிரி விரியாமல் சுருண்டு நிற்கிற பூவைப் பறித்து அழியுங்கள், உள்ளே புழு இருக்கும்.

சரி, நீங்கள் கேட்காததைக் கேட்கிறேன்: போன வருட மார் எங்கே? அடுப்புக்கு ஆகும் என்று வரப்போரம் அடுக்கியிருப்பீர்கள். அதில் ஒட்டியிருக்கிற காய்ந்த காயிலும் கொட்டையிலும்தான் புழு மாதக்கணக்கில் தூங்கும். இன்னும் இரண்டு எடுப்பு வரும் என்று செடியை ஏப்ரல் வரை விடுகிறவர்களும் அதைத்தான் வளர்க்கிறார்கள். கடைசி எடுப்பு முடிந்த வாரமே, மருந்து அடித்து நாளாகியிருந்தால், ஆட்டை விடுங்கள். மிச்சக் காயை அது தின்றுவிடும். பிறகு மாரை ரோட்டவேட்டர் ஓட்டி மண்ணில் அடியுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரையும் செய்யச் சொல்லுங்கள், அவர் அடுக்கின மாரிலிருந்து கிளம்புகிற பூச்சிக்கு உங்கள் வரப்பு தெரியாது.