மல்லாந்து கிடந்த சிலந்தி சாகவில்லை

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. போன பிறந்தநாளுக்கு அவனுடைய மாமா ஒரு டாரன்டுலா சிலந்தியை வாங்கிக் கொடுத்துவிட்டார். மெக்சிகன் ரெட்நீ என்ற இனமாம். இரண்டு மாதமாக அது எதையும் தின்னவில்லை. போன வாரம் காலையில் பார்த்தால் எட்டுக் காலையும் விரித்து மல்லாந்து கிடக்கிறது. செத்துவிட்டது என்று தூக்கிப் போடப் போனேன், மகன் குறுக்கே விழுந்து தடுத்துவிட்டான். மத்தியானம் வந்து பார்த்தால் பெட்டிக்குள் இரண்டு சிலந்திகள்! ஒன்று வெறும் தோல் என்கிறான். இன்னும் பத்து நாளைக்கு அதற்குச் சாப்பாடு போடக் கூடாது என்றும் சொல்கிறான். ஏற்கனவே பட்டினி கிடந்த உயிரை இன்னும் பட்டினி போடலாமா? அதைக் கையில் எடுக்கலாமா? எத்தனை வருடம் இருக்கும்? இதற்கிடையில் அடுத்ததாக இலங்கையில் எங்கள் ஊர்ப்பக்கத்து மாங்குளம் சிலந்தி வேண்டும் என்று நிற்கிறான். என்ன சொல்வது?
— ஒரு தாய், ஹாரோ, இங்கிலாந்து

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் தடுத்தது நல்லதாய்ப் போயிற்று. அவனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். டாரன்டுலா மல்லாந்து கிடந்தால் அது தோலுரிக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இது தெரியாமல் உயிரோடு இருந்ததைக் குப்பையில் போட்டவர்களும் தோட்டத்தில் புதைத்தவர்களும் உண்டு.

சாகக் கிடக்கிற டாரன்டுலா பொதுவாக மல்லாந்து படுக்காது. நின்ற நிலையிலேயே கால்களை உடம்புக்கு அடியில் மடக்கிச் சுருட்டிக்கொள்ளும். சிலந்திக்குக் காலை மடக்கத் தசை இருக்கிறது. ஆனால் காலின் இரண்டு முக்கியமான மூட்டுகளில் நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடம்பில் ஓடும் திரவத்தை அழுத்திச் செலுத்தித்தான் காலை நீட்டுகிறது. உடம்பில் தண்ணீர் வற்றினால் அந்த அழுத்தம் விழுந்து கால்கள் தாமாகச் சுருண்டுவிடும். அப்படி ஒரு நாள் கண்டால், ஆழமில்லாத தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வாய்ப்பக்கம் மட்டும் நனையும்படி சிலந்தியை அதன் ஓரத்தில் வையுங்கள். வயிற்றின் அடிப்பக்கம் தண்ணீரில் முங்கக் கூடாது, மூச்சு உறுப்புகளின் வாசல் அங்கேதான் இருக்கிறது. வெறும் தாகமாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும்.

அன்று காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையில் பெட்டிக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். படுப்பதற்கு முன்னாலேயே அது தரையில் மெல்லிய வலையால் ஒரு விரிப்பு நெய்திருக்கும். அதன்மேல்தான் மல்லாந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். உள்ளே இதயம் வேகமாக அடித்து, வயிற்றிலிருக்கும் திரவத்தை முன்னுடம்புக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் தாங்காமல் முன்னுடம்பின் மேலிருக்கும் கெட்டியான ஓடு ஓரத்தில் வெடித்துத் திறக்கும். வயிற்றுத் தோலும் கிழியும். அப்புறம்தான் கடினமான வேலை. எட்டுக் கால்களையும், வாயருகே இருக்கும் இரண்டு உணர்கைகளையும், விஷப்பற்களையும் பழைய உறைக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுக்க வேண்டும். ஓர் இழுப்பு, ஒரு ஓய்வு, மறுபடி ஓர் இழுப்பு என்று போகும். குஞ்சுச் சிலந்தி இதை அரை மணிக்குள் முடித்துவிடும், பெரியதற்குப் பல மணி நேரம் ஆகும்.

பாம்புச் சட்டை மாதிரி வெளித்தோல் மட்டும் கழன்று வரும் காரியம் இல்லை இது. வாயின் உட்பூச்சு, உணவை உறிஞ்சும் இரைப்பையின் உள்வரி, மூச்சு உறுப்புகளின் ஏடுகள் எல்லாமே பழையது போய்ப் புதியது வருகிறது. இத்தனையும் நடக்கும்போது அதனால் ஓடவோ கடிக்கவோ முடியாது. அதனால் அந்த நேரத்தில் நாம் செய்ய வேண்டியது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். பெட்டியை நகர்த்தாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், பாவம் என்று திருப்பிப் போடாதீர்கள். ஒரு கால் சிக்கிக்கொண்டால்கூட இழுக்கக் கூடாது. தேவைப்பட்டால் அது அந்தக் காலையே கழற்றிவிடும். அடுத்த தோலுரிப்பில் அதே இடத்தில் சின்னதாக ஒரு கால் முளைக்கும், இன்னும் இரண்டொரு முறையில் மற்றக் கால்களின் அளவுக்கு வந்துவிடும்.

பட்டினியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு மாதமும் அது நோயில் கிடக்கவில்லை. பழைய தோலுக்கு அடியில் புதிய தோலைக் கட்டிக்கொண்டிருந்தது. வயிறு உருண்டு திரண்டிருந்தால் ரெட்நீ மாதக்கணக்கில் சாப்பிடாமல் தாங்கும். அடுத்த முறை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இந்தச் சிலந்தி பயந்தால் பின்கால்களால் வயிற்று மயிரை உதைத்துப் பறக்கவிடும். அதனால் வயிற்றின் பின்பக்கத்தில் மொட்டையாக ஒரு திட்டு விழுந்திருக்கும். வழக்கமாக அந்த இடம் வெளிறிய தோல் நிறத்தில் தெரியும். தோலுரிக்கும் காலம் நெருங்கும்போது அது சாம்பல் நிறமாகி, பிறகு கருத்துப் போகும். அந்தக் கருப்பு உள்ளே முளைத்திருக்கும் புதிய மயிர்தான், பழைய தோலின் ஊடாகத் தெரிகிறது. உடம்பின் மற்ற நிறமெல்லாம் மங்கிப் பழுப்படிக்கும். சிலந்தி சோம்பிப்போய் ஒரு மூலையில் இருக்கும். இந்த அறிகுறிகளைக் கண்டதும் உயிருள்ள இரையை வெளியே எடுத்துவிடுங்கள், தண்ணீர்த் தட்டை நிரப்பி வையுங்கள். வேறு ஒன்றும் தேவையில்லை.

இரையை எடுக்கச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கடையில் விற்கும் கிரிக்கெட் பூச்சி எதையும் கொறிக்கும். புதுத்தோலோடு மெத்தென்று கிடக்கும் சிலந்தியை அது கடித்தால் காயத்திலிருந்து திரவம் வடிந்தே சிலந்தி செத்துவிடும்.

மகன் பத்து நாள் என்று சொன்னதும் சரிதான். தோலுரித்த அன்று அதன் விஷப்பல் வெள்ளையாக இருக்கும், மென்மையாகவும் இருக்கும். நாள் போகப் போகச் சிவந்து, கடைசியில் கருத்துக் கெட்டிப்படும். அதற்கு முன் இரையைக் கொடுத்தால் பல்லுக்கே சேதம் வரலாம். பெட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பல் நன்றாகக் கருத்தபின் ஒரு கிரிக்கெட் போடச் சொல்லுங்கள். ஒரு நாளில் தின்னாவிட்டால் எடுத்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம். தண்ணீர் மட்டும் எந்நாளும் இருக்க வேண்டும்.

இப்போது அந்த உரித்த சட்டை. அதை எறிந்துவிடவில்லை என்று நம்புகிறேன், ஏனென்றால் எத்தனை வருடம் என்ற உங்கள் கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, அதில் சட்டையைக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். இளகியதும் சுருங்கிக் கிடக்கும் வயிற்றுப் பகுதியைத் தூரிகையால் மெல்ல விரித்து, உட்பக்கம் பார்க்க வேண்டும். வெள்ளையாக நான்கு திட்டுகள் தெரியும், மூச்சு உறுப்புகளின் தடங்கள் அவை. முன் இரண்டு திட்டுகளுக்கு நடுவே சின்ன மடல் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் பெண். அங்கே ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் ஆண். மிகச் சிறிய குஞ்சின் சட்டையில் இது தெளிவாகத் தெரியாது, உங்களுடையது இரண்டு சிலந்தி என்று உங்களையே நம்ப வைத்த அளவென்றால் ஒரு பூதக்கண்ணாடி போதும்.

பெண் என்றால் 20 வருடத்துக்கு மேலும் இருக்கும். அப்போது உங்கள் மகனுக்கு 30 வயது தாண்டியிருக்கும். அவன் பல்கலைக்கழகம் போகும் வருடங்களில் அதைப் பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள்தான். இதை இப்போதே அவனோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஆண் என்றால் கதை குறுகியது. சில வருடங்களில் பருவமடையும், அந்தத் தோலுரிப்போடு வளர்ச்சி நின்றுவிடும், அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வருடம் இருந்தாலே அதிகம். பருவமடைந்த ஆணை அடையாளம் காண்பது சுலபம். உணர்கைகளின் நுனி குத்துச்சண்டைக்காரர் கையுறை மாட்டிய மாதிரி உருண்டிருக்கும், முன்கால்களில் கொக்கி இருக்கும்.

மகனுக்கு ஒரு வேலை கொடுக்கச் சொல்வேன். ஒவ்வொரு சட்டையையும் காயவைத்துத் தேதி எழுதி ஒரு பெட்டியில் சேர்க்கட்டும். சிலந்தி வளர்வதெல்லாம் தோலுரிக்கும்போதுதான். இடைப்பட்ட காலத்தில் வயிறு மட்டுமே பெருக்கும், கெட்டியான பாகங்கள் அதே அளவில் நிற்கும். கால்கள் காய்ந்தால் சுருங்கிவிடுவதால் அவற்றை அளந்து பயனில்லை. முன்னுடம்பு ஓட்டின் நீளத்தை மில்லிமீட்டரில் குறித்துவைத்தால் உண்மையான வளர்ச்சி தெரியும். ரெட்நீ மெதுவாக வளரும் இனம். நன்றாக வளர்ந்ததை விரித்த கால்களோடு அளந்தால் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் வரும். வளர வளரத் தோலுரிக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போய், பெரிய பெண் வருடத்துக்கு ஒரு தடவையோ அதைவிடத் தாமதமாகவோதான் உரிக்கும். அதனால்தான் இவன் கண்முன் நடந்த ஒன்றை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன்.

கையில் எடுக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ரெட்நீ கடிப்பது அரிது, கடித்தாலும் பெரும்பாலும் குளவி கொட்டியது மாதிரி வலிதான். ஆபத்து சிலந்திக்குத்தான் அதிகம். மேசை உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்துவிடலாம். பெட்டிக்குள்ளும் இதே ஆபத்து உண்டு. உயரமான பெட்டியாக இருந்தால் தேங்காய்த் தும்புத் தூளை நிறையப் போட்டு, தரைக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்துவிடுங்கள். சூடேற்றும் விளக்கு எதுவும் தேவையில்லை, நீங்கள் இருக்கும் அறையின் சூடு அதற்கும் போதும்.

அந்த வயிற்று மயிரை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். லீட்ஸ் நகரில் ஒருவர் தன் டாரன்டுலாவின் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது முகத்தில் மயிரை உதைத்துவிட்டது. வாரக்கணக்கில் கண் சிவந்து நீர் வடிந்து மருத்துவமனைக்குப் போனார். கருவிழியில் மயிர்கள் தைத்திருந்ததை அங்கே கண்டுபிடித்தார்கள். லான்செட் மருத்துவ இதழில் 2010 தொடக்கத்தில் இது வெளியானது. ஆகவே பெட்டியைச் சுத்தம் செய்யும்போதும், உரித்த சட்டையைத் தொடும்போதும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அந்தச் சட்டையிலும் மயிர் ஒட்டியிருக்கும். முடிந்ததும் கையைக் கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது.

கடைசியாக, மாங்குளம். 2013 இல் செய்திகளில் வந்த சிலந்தியைத்தான் மகன் சொல்கிறான். போருக்குப் பிந்திய வட இலங்கையில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய ஒரு காவல்துறை அதிகாரியின் நினைவாக அதற்கு ராஜேயி என்று பெயர் வைத்தார்கள். விரித்தால் 20 சென்டிமீட்டர் இருக்கும். அது பொய்சிலோத்தீரியா என்ற பேரினப் பெயர் கொண்ட கூட்டத்தைச் சேர்ந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள கூட்டம் இது. இராமேசுவரத்தில் கண்டு 2004 இல் பெயரிட்ட ஓர் இனம் கடலுக்கு அப்பால் மன்னாரிலும் வாழ்கிறது. நம் மண்ணின் உயிர் என்று பிள்ளை ஆசைப்படுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் பதில் கூடாது என்பதே. இவை பழைய மரப்பொந்துகளில் வாழ்பவை. மரங்கள் வெட்டுப்படப் படப் போக்கிடம் இல்லாமல் போகின்றன. காட்டிலிருந்து பிடித்து விற்பது இன்னொரு அடி. 2019 இல் அந்தக் கூட்டம் முழுவதையும் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிசின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். வேறொரு விஷயமும் இருக்கிறது. இவற்றுக்கு உதைக்கும் மயிர் கிடையாது, மின்னல் வேகத்தில் ஓடும், வேறு வழியில்லாவிட்டால் கடிக்கும். அந்தக் கடியால் தசைப்பிடிப்பு பல நாட்கள் விட்டு விட்டு வரும். 13 வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம்.

தோலுரிப்பதை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசையென்றால், வளர்ப்பில் பிறந்த கர்லிஹேர் இனக் குஞ்சு ஒன்று வாங்கிக் கொடுங்கள். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது, சாது, சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும். சின்ன வயதில் ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை தோலுரிக்கும். வளர்ப்பில் பிறந்ததுதானா, எப்போது முட்டையிலிருந்து வந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள், நேரான பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். குஞ்சுக்குக் காற்றுத் துளை போட்ட சின்ன டப்பாவும், ஒரு பக்கம் மட்டும் ஈரமாக வைத்த தும்புத் தூளும் போதும். சாப்பாட்டுக்கு முழுக் கிரிக்கெட் வேண்டாம், கொன்ற கிரிக்கெட்டின் ஒரு கால் போட்டாலே தின்னும்.