கையைத் தூக்கினால் தோளில் வலி: கேள்வி பதில்

கேள்வி: எலும்புக்கு அடியில் தசைநாண் சிக்கி நசுங்குகிறது என்றார்கள். ஸ்கேனிலும் லேசான கிழிசல் இருக்கிறதாம். பயிற்சி செய்தால் இன்னும் கிழிந்துவிடாதா?

பதில்: இந்தப் பயத்திலேயே பலர் கையை அசைக்காமல் வைத்திருந்து வலியை வளர்த்துக்கொள்கிறார்கள். ‘நசுங்குகிறது’ என்ற எண்ணம் வேரூன்றக் காரணம், 1972-இல் சார்லஸ் நீர் என்ற அறுவை மருத்துவர் எழுதிய கட்டுரை. தோளின் கூரை போன்ற எலும்பு முனையைச் செதுக்கிவிட்டால் உராய்வு தீரும் என்றார். பிரிட்டனில் 313 பேரிடம் இதைச் சோதித்தார்கள். சிலருக்கு எலும்பைச் செதுக்கினார்கள். சிலருக்குத் துளையிட்டு உள்ளே பார்த்ததோடு சரி, எதையும் செதுக்கவில்லை. 2017-இல் வெளிவந்த முடிவின்படி, ஆறு மாதம் கழித்து இரு தரப்புக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்திருந்தது. நசுங்குவதுதான் காரணமென்றால் செதுக்கியவர்களுக்கல்லவா நன்றாகக் குறைந்திருக்க வேண்டும்?

ஸ்கேனைப் பார்த்தும் கலங்காதீர்கள். தோள்வலியே இல்லாத 40 முதல் 70 வயது ஆண்கள் 51 பேரை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, 96 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மாற்றம் இருந்தது. ஆனால் கீழே விழுந்த பிறகு திடீரெனக் கையைத் தூக்கவே முடியாமல் போனால், அது வேறு கதை. உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: சரி, என்ன பயிற்சி? எத்தனை நாள்?

பதில்: சுவருக்குப் பக்கவாட்டில், வலிக்கும் கை சுவரை ஒட்டி இருக்கும்படி நில்லுங்கள். முழங்கையை மடித்து விலாவோடு ஒட்டி வைத்து, புறங்கையால் சுவரை வெளிப்பக்கமாக அழுத்துங்கள். கை நகராது, ஆனால் தோளின் பின்பக்கத் தசை இறுகுவது தெரியும். இது பழகியதும் அதே அசைவை ரப்பர் பட்டையை இழுத்துச் செய்யலாம். அப்புறம் சிறு எடையோடு கையைத் தூக்கலாம். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையும் அது அடங்கவில்லையென்றால் எடையைக் குறையுங்கள்.

பன்னிரண்டு வாரமாவது கொடுங்கள். இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஸ்வீடனில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களுக்கு இப்படிப் படிப்படியான பயிற்சி கொடுத்தார்கள். அதன் பிறகும் அறுவையைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். பொதுவான அசைவுப் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 63 சதவீதம் பேர் அறுவைக்குப் போனார்கள். 2012-இல் வந்த ஆய்வு இது.

கேள்வி: அல்ட்ராசவுண்ட் ஒத்தடம் பத்து சிட்டிங் எடுக்கச் சொல்கிறார்களே?

பதில்: பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தாலும் கூடுதல் பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்த நேரத்தில் பயிற்சி செய்யலாம்.

கேள்வி: ஸ்டீராய்டு ஊசி போடலாமா? பிசியோதெரபிக்கு எத்தனை முறை வரவேண்டும்?

பதில்: இரண்டுக்கும் ஒரே ஆய்வில் பதில் இருக்கிறது. பிரிட்டனில் 708 பேரிடம் நடந்து 2021-இல் வந்தது. ஊசி போட்டவர்களுக்கு எட்டு வாரத்தில் சிறிது நிம்மதி, ஓராண்டில் வித்தியாசமே இல்லை. வலி தூங்கவிடாமல் பயிற்சிக்கே தடையாக இருந்தால், ஊசி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ஆறு முறை வரை பிசியோதெரபிஸ்டைப் பார்த்தவர்களும், ஒரே முறை தெளிவாகக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தவர்களும் ஓராண்டில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். நானும் பிசியோதெரபிஸ்ட்தான், இதை மறைக்க மாட்டேன். முதல் முறை வரும்போதே எல்லாவற்றையும் கேட்டு, செய்து காட்டிவிட்டுப் போங்கள்.

கேள்வி: ராத்திரி புரண்டு படுத்தால் உயிர் போகிறது.

பதில்: வலிக்காத பக்கம் படுத்து, மார்புக்கு முன்னால் ஒரு தலையணை வைத்து அதன்மேல் வலிக்கும் கையைப் போட்டுக்கொள்ளுங்கள்.